பலகை காக்கியாகத் தெரிந்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும்

திங்கட்கிழமை நீங்கள் இருவரும் வேலைக்குச் சேரும்போது நான் இங்கே இருக்கமாட்டேன். வெள்ளிக்கிழமையோடு கிளம்புகிறேன். இருபத்தாறு வயதில் பணி அனுபவம் எழுத உட்கார்ந்தால் யாருக்கும் சிரிப்புதான் வரும். முதலாளி சிரித்தேவிட்டார். “என்ன, பென்ஷன் வாங்கப் போறியா?” என்றார். சிரிக்கட்டும். ஆறு வருடமாகச் சிங்கப்பூர் தேக்காவில், ஒரு தையல் கடைக்கு மேலே, ஏர்கான் ஒழுகும் இந்த அறையில் உட்கார்ந்து ஊரார் வீட்டுக் கல்யாணங்களையும் காதுகுத்துகளையும் பழைய கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றியிருக்கிறேன். பிளேயரை எப்படித் துடைப்பது, எந்தக் கம்பியை எங்கே செருகுவது என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. சுவரில் ஒட்ட முடியாத ஒன்று இருக்கிறது. அதை நீங்களும் என்னைப் போலவே கெட்ட பிறகுதான் கற்றுக்கொள்வீர்கள் என்று நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பிளேயருக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதில் மூன்று திருகுகள்: பிரைட்னஸ், காண்ட்ராஸ்ட், கலர். பக்கத்தில் ஒரு சின்னக் குச்சி. குச்சியை ஒரு பக்கம் தள்ளினால் படம் நீலமாகும், மறுபக்கம் தள்ளினால் மஞ்சளாகும். கேசட்டிலிருந்து வருவது அலை. அது இந்தப் பெட்டியைத் தாண்டிக் கணினிக்குள் போனதும் எண்ணாகிவிடும். எண்ணான பிறகு, கறுப்பில் மூழ்கியதை மேலே தூக்க முடியாது, வெள்ளையில் கரைந்ததை மீட்க முடியாது. “அப்புறம் சாப்ட்வேர்ல பாத்துக்கலாம்” என்று உங்களில் ஒருவர் நிச்சயம் சொல்வீர்கள். சொல்லாதீர்கள்.

திருகுகளைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, அதில் முதலாளி பேனாவால் கோடு போட்டு எழுதி வைத்திருப்பார்: ‘கல்யாணம்’, ‘கோயில்’, ‘பர்த்டே’. கல்யாண கேசட் வந்தால் திருகைக் கல்யாணக் கோட்டில் வைக்க வேண்டுமாம். சோறு வேகவைக்கும் பாத்திரத்தில்கூட அரிசிக்கும் கஞ்சிக்கும் வேறு வேறு பொத்தான் இருக்கிறதே, அது போலத்தானே என்பார். மண்டபத்தில் எடுத்ததும் கல்யாணம்தான், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பந்தல் போட்டு எடுத்ததும் கல்யாணம்தான். இரண்டுக்கும் ஒரே வெளிச்சமா? முதல் மாதமே சண்டை போட்டுவிட்டேன். இனி என் கண்ணால் பார்த்துத்தான் வைப்பேன் என்றேன். படித்த பெண், கண்ணும் கூர்மை, அவருக்கு என்ன தெரியும் என்று நினைப்பு.

அந்தக் கண் எப்பேர்ப்பட்டது என்று கேளுங்கள். நம் ஜன்னல் மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு வெயில் நேராக மானிட்டரில் விழும். வெயிலில் எல்லாம் இருட்டாகத் தெரிய, நான் ஒவ்வொரு கேசட்டுக்கும் பிரைட்னஸை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். காலையில் மாற்றிய கேசட்டுகள் ஒழுங்காக வந்தன, மதியத்துக்கு மேல் மாற்றியவை எல்லாம் பால் கொட்டியதுபோல் வெளுத்திருந்தன. ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கறுப்புத் திரை வாங்கிப் போட்டேன். பாடம் முடிந்தது, இனி நான் நிபுணி என்று முடிவுகட்டினேன். திரை மாட்டத் தெரிந்த நிபுணி.

இப்போது அங்கிள் கதைக்கு வருகிறேன்.

போன வருடம் ஒரு மதியம் படியேறி மூச்சுவாங்க வந்தார். செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் பெயிண்டராக இருந்தவர். கையில் ஒரே ஒரு கேசட், அதன் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம்.

“என் கல்யாண டேப், பாப்பா. ஏழு வாரத்துல எனக்கு அறுபதாம் கல்யாணம். இதுல என் வைஃப் கட்டியிருக்க முகூர்த்தப் புடவையோட கலர் எனக்கு வேணும். மத்தது எப்படி வந்தாலும் பரவால்ல லா.”

“கலர் மட்டும் எதுக்கு, அங்கிள்?”

“அதே மாதிரி காஞ்சிபுரத்துல நெய்யச் சொல்லியிருக்கேன். அவளுக்குத் தெரியாது.” கொஞ்சம் தயங்கினார். “முன்ன ஊருக்குப் போனப்ப, பழைய பட்டு வாங்குற ஆள் ஒருத்தன் வாசல்ல வந்தான். பீரோவுல அடியில கெடந்துச்சு, பழசுதானேன்னு நான்தான் எடுத்துக் குடுத்துட்டேன். இருபது வருஷமா வாங்கிக்கிட்டு இருக்கேன்.”

“என்ன வாங்குறீங்க?”

“ஏச்சுதான், வேற என்ன?”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆன்ட்டியிடமே சாமர்த்தியமாகக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். “கேட்டா, உங்களுக்கு அதுகூட ஞாபகம் இல்லையான்னு இன்னொரு இருபது வருஷம் ஓடும்,” என்றார். ஆல்பத்துப் படங்கள் எல்லாம் வருடக்கணக்கில் வெளுத்து ஒரே சிவப்பாகிவிட்டனவாம். “கப்பலோட அடிப்பக்கத்துக்கு என்ன செவப்புன்னு கேளு, நம்பரோட சொல்றேன். பொண்டாட்டி புடவை பச்சையா நீலமான்னு தெரியல. வெக்கமா இருக்கு, பாப்பா.”

ஆக, எல்லாம் அந்த ஒரு நிறத்தில் நின்றது. நான் கொடுக்கும் படத்தைப் பார்த்து அங்கே நூலுக்குச் சாயம் போடுவார்கள். சாயம் தப்பினால் இரண்டாவது புடவை நெய்ய நாள் கிடையாது. இத்தனையும் தெரிந்துகொண்டுதான் அந்த வேலையை முக்கால் மணி நேரத்தில் முடித்தேன். இன்னும் நான்கு கேசட் வரிசையில் இருந்தது. என்னால் எதிலும் நிதானமாக உட்கார முடியாது, அது என் வியாதி.

பூஞ்சணத்தைத் துடைத்து ஓடவிட்டேன். படம் முழுக்க நீலம் ஏறியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் பலர், இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்ட மாப்பிள்ளையின் வேட்டியைத்தான் பிடிப்பார்கள். பட்டு வேட்டி வெள்ளையா? அது சந்தன நிறம். கேமரா அதை வெள்ளை என்று நம்பிக்கொண்டு, அந்த மஞ்சளைச் சரிக்கட்ட ஊரையே நீலமாக்கிவிடும். அதைத் திருப்பிச் சரிசெய்யத்தான் குச்சி இருக்கிறது. எதுவரை தள்ளுவது? கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: மனிதத் தோலைப் பார்த்து நிறுத்து. ஸ்கோப் என்று ஒரு அளவுமானி நம் மேசையிலேயே இருக்கிறது. நிறத்தைப் புள்ளியாகக் காட்டும், பொய் சொல்லாது. அதை நான் போடக்கூட இல்லை. மணப்பெண்ணின் முகம் நம் வீட்டுப் பெண்ணின் மாநிறத்துக்கு வரும்வரை குச்சியை மஞ்சள் பக்கம் தள்ளினேன். அப்போதும் முகம் வெளுப்பாகத் தெரிந்தது. பிரைட்னஸையும் இறக்கினேன். முகம் அழகாக வந்தது.

பின்னால் இருந்த, மணமக்கள் பெயர் ஒட்டிய பலகை காக்கி நிறத்தில் தெரிந்தது. பார்த்தேன். கல்யாணத்துக்கு யாராவது காக்கியில் பலகை வைப்பார்களா என்று ஒரு நொடி தோன்றியது. அந்தக் காலத்து ரசனை அப்படிப்போல என்று விட்டுவிட்டேன்.

புடவை ஒருவிதக் கரும்பச்சையாக இருந்தது. படத்தைக் கொடுத்தேன். அவரும் போனில் ஊருக்கு அனுப்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, கடை திறக்கும்போதே வாசலில் நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நூல் கற்றையை எடுத்து மேசைமேல் போட்டார். நெசவாளர் சாயம் போட்டுப் பார்த்து, இங்கே வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பிய சாம்பிள். என் படத்தில் இருந்த அதே பச்சை.

“சட்டைய துவைக்கப் போட்டவ கையில இது மாட்டிக்கிச்சு. என்னன்னு தெரியாம வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. ‘இது என்னய்யா, கொளத்துப் பாசியப் போய் பையில வச்சிருக்கீங்க’ன்னு கேக்குறா. தாலி கட்டிக்கிட்ட புடவையோட கலர் கண்ணுல பட்டும் அவளுக்கு அடையாளம் தெரியல. அப்போ இது அந்தக் கலர் இல்ல லா. வியாழக்கிழமை காலையில மொத்த நூலையும் சாயத்துல போடுறாங்க. நான் நிறுத்தச் சொல்லவா, போடச் சொல்லவா? சொல்லு.”

கோப்பைத் திறந்து பார்த்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. முகத்தைத் தவிர எல்லாமே மஞ்சள் பாய்ந்து கிடந்தது. அங்கிளை உட்காரவைத்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: “இந்தப் படத்துல உங்களுக்கு நிச்சயமா கலர் தெரிஞ்ச பொருள் ஏதாவது இருக்கா?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். படத்தின் பதினோராவது நிமிடத்தில் திரையைத் தட்டினார். “இந்த நேம் போர்டு. இத ஏன் காக்கியா காட்டுற? இது கிரே லா! நானும் என் கூட்டாளியும் சேந்து அடிச்சோம். கப்பல் டெக்குக்கு அடிக்கிற கிரே. ஒரு சொட்டு நீலம் கெடையாது, மஞ்சள் கெடையாது.”

எனக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம்போல் இருந்தது. எந்த நிறமும் கலக்காத சாம்பல். நிறம் சரிபார்ப்பவர்கள் இதற்காகவே தனியாக அட்டை செய்து விற்கிறார்கள். இந்தக் கல்யாணத்தில் அது மேடைக்குப் பின்னால் எட்டடி அகலத்துக்கு நின்றிருக்கிறது. நான் அதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட்டேன்.

சாப்ட்வேரில் பலகையைச் சாம்பலாக்கிப் பார்த்தேன். பலகை வந்தது, புடவை வரவில்லை. பிரைட்னஸை இறக்கியதில் புடவையின் மடிப்புகள் எல்லாம் கறுப்புக்குள் போயிருந்தன. அங்கே நிறமே பதிவாகவில்லை, எதை மீட்பது? கேசட்டை மறுபடி ஓட்டியாக வேண்டும். பூஞ்சணம் பிடித்த நாடா முதல் ஓட்டத்திலேயே பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. இன்னொரு முறை தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது.

முதலாளி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். “டேப் பழசு, கலர் போயிடுச்சுன்னு சொல்லிடு லா. மறுபடி போட்டு அறுந்துச்சுன்னா நம்ம தலையில விழும்.”

அவர் சொன்னது அயோக்கியத்தனம் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அந்த ஒரு நிமிடம் அது எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். தப்பு செய்தவர் காதில் அந்த வாக்கியம் தேனாக விழும். வெளியே வந்தபோது அங்கிள் அந்த நூலைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஞாபகம்தான் தப்போ என்று தேடுகிறார்.

“அங்கிள், டேப் மேல தப்பு இல்ல. நான்தான் தப்பா செட் பண்ணேன். அளவு பாக்காம, ஆன்ட்டி முகத்த வச்சுக் கலர் புடிச்சேன். மறுபடி ஓட்டினா சரியா வரலாம். ஆனா டேப் அங்கயே போயிடவும் போயிடலாம்.”

“படிச்சிருக்கேன்னு சொன்னியே?”

“படிச்சிருக்கேன்.”

“எங்க யார்டுல மீட்டர் வச்சுப் பாக்காம பெயிண்ட் அடிச்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான்,” என்றார். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். “போடு. அந்தப் புடவைய ஒரு தடவ குடுத்துட்டேன். டேப்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?”

கேசட்டின் மூடியைக் கழற்றி, நாடாவைக் கையாலேயே சுற்றிப் பத்தாவது நிமிடத்துக்கு அருகில் கொண்டுவந்தேன். முதல் கோப்பின்படி, கேமரா அந்தப் பலகையை எட்டு நொடி காட்டும். பிறகு மணமக்கள் பக்கம் திரும்பும். நிறுத்திவைத்துப் பார்க்க முடியாது. நின்ற இடத்தில் நாடா தேய்ந்து அறுந்துவிடும். ஆக எனக்கு எட்டு நொடி. ஸ்கோப்பைப் போட்டேன். பலகை நிஜமாகவே சாம்பல் என்றால், புள்ளி நட்டநடுவில் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஓடியது. கோடுகள், இரைச்சல், பிறகு தெர்மகோல் எழுத்துகளோடு பலகை. புள்ளி நீலப் பக்கம் கிடந்தது. குச்சியைத் தள்ளினேன். தாண்டிப் போனது. இழுத்தேன். நடுவில் வந்தது. பிரைட்னஸைக் கறுப்பு மூழ்காத இடத்தில் வைத்துக் கையை எடுத்தேன். கேமரா மணப்பெண்ணிடம் திரும்பியது.

முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது. வெள்ளையும் ரோஜாவும் கலந்த ஒரு பேய் நிறம்.

“ஐயோ, பாப்பா, மூஞ்சியப் பாரு! தப்பா இருக்கு, திருப்பு திருப்பு!”

என் கை தானாகவே குச்சிக்குப் போனது. தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் யாராக வந்தாலும் சரி, இந்த வேலை முழுக்க அந்த ஒரு அங்குலத்தில்தான் இருக்கிறது. கண் ‘தப்பு’ என்கிறது, பக்கத்தில் வாடிக்கையாளர் கத்துகிறார், அளவுமானி ‘சரி’ என்கிறது. நான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன். மிகையில்லை, நிஜமாகவே உட்கார்ந்தேன்.

“அங்கிள், போர்டப் பாருங்க. போர்டு என்ன கலர்?”

“கிரே.”

“உங்க கிரேயா?”

மூக்கைத் திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். “என் கிரேதான்.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “அன்னிக்கும் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு. அவ அக்காதான் மேக்கப் போட்டா. ரோஸ் பவுடர அரை டப்பா அப்பியிருந்தா. எங்க அம்மா பாத்துட்டு, ‘பொண்ண மாத்திட்டாங்களா’ன்னு கேட்டாங்க.”

நான் எதை நம்பிக் குச்சியைத் தள்ளினேனோ, அது தோலே இல்லை, பவுடர். நம் கல்யாணங்களில் அன்றைக்கு நிறம் மாறாமல் இருக்கக்கூடிய முகம் ஒன்றுகூட இருக்காது. நலுங்கு மஞ்சள் ஒருபக்கம், பவுடர் ஒருபக்கம். இது தெரியாதவர்களா நாம்? நான் பார்க்காத கல்யாணமா?

மணப்பெண் மாலைக்காகக் குனிந்தாள். மடிப்புகள் விரிந்தன. கறுப்பாகக் கிடந்த இடங்களில் எல்லாம் நீலம் எழுந்து, விளிம்பில் பச்சையாகத் திரும்பியது.

“மயில் கழுத்து,” என்றார் அங்கிள். “ஆமா லா. மயில் கழுத்து. கடையில நான்தான் எடுத்தேன்.”

அடுத்த அரை நிமிடத்தில் திரை முழுக்கப் பனி கொட்டியது. பிளேயரின் நாடா படிக்கும் தலையில் உதிர்ந்த பொடி அப்பிக்கொண்டது. துடைத்துவிட்டுத் தொடரலாம் என்று நாடாவை எடுத்தால், ஒரு முழ நீளத்துக்குப் பூச்சே இல்லாமல் கண்ணாடித்தாள் மாதிரி வந்தது. அதற்குமேல் அந்த கேசட் ஓடவில்லை.

ஒவ்வொரு போன் திரையும் ஒரு நிறம் காட்டும் என்பதால், படத்தை மறுபடி போனில் அனுப்பித் தொலைக்கவில்லை. கீழே தையல் கடையிலிருந்து நீலமும் பச்சையுமாக எல்லா நூல்கண்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அங்கிள் ஒவ்வொன்றாகத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக் கழித்து, நெட்டாக ஓடும் பாவுக்கு ஒன்று, குறுக்கே ஓடும் ஊடைக்கு ஒன்று என்று இரண்டை மட்டும் எடுத்தார். அன்று மாலை சென்னைக்குக் கிளம்பிய ஒருவரிடம் அவை போயின. வியாழக்கிழமை சாயத் தொட்டிக்கு அந்த இரண்டு கண்டுகளும்தான் சாட்சி.

விழா முடிந்த மறுவாரம் இருவரும் கடைக்கு வந்தார்கள். ஆன்ட்டி அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு படியேறி வந்திருந்தார். சாதாரண நாள், அதுவும் மத்தியானம். முந்தானையை என் மேசை விளக்கின்கீழ் பிடித்தார். பிறகு முகூர்த்தக் காட்சியைப் போடச் சொன்னார்.

அந்தக் காட்சி கேசட்டில் முப்பதாவது நிமிடத்தில் இருந்தது. நல்ல ஓட்டம் பன்னிரண்டாவது நிமிடத்திலேயே செத்துவிட்டது. தாலி கட்டும் இடம் நான் கெடுத்த முதல் கோப்பில் மட்டும்தான் இருக்கிறது. மஞ்சளாக, இருட்டாக. போட்டேன். பார்த்தார்.

“ஏன் இப்படி இருக்கு?”

“டேப் பழசும்மா,” என்றார் அங்கிள் அவசரமாக.

“இல்ல ஆன்ட்டி. நான் தப்பா செட் பண்ணதால. இத இனி சரி பண்ண முடியாது.”

ஆன்ட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “புடவைய பட்டுக்காரனுக்கு எடுத்துக் குடுத்தவரு ஒருத்தரு. தாலி கட்டுனத இருட்டாக்குனவ ஒருத்தி. நல்ல ஜோடிதான் சேந்திருக்கீங்க.” அங்கிள் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆன்ட்டி திரையில் அந்தக் காட்சி முடியும்வரை நின்றார். மறுபடி போடச் சொன்னார். மூன்று முறை பார்த்தார்.

கிளம்பும்போது, கெட்டதும் நல்லதுமாக அந்த இரண்டு வீடியோத் துண்டுகளையும் இங்கே வைத்துக்கொள்ளலாமா, பிறகு வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டேன்.

“காட்டு. ஆனா ரெண்டையும் சேத்துக் காட்டு. கெட்டத மட்டும் காட்டினா, இந்தப் பொம்பளைக்கு ஒரு நல்ல புடவைகூட எடுத்துக் குடுக்கலையான்னு அவரத்தான் ஏசுவாங்க. அவர ஏச நான் இருக்கேன்.”

இரண்டும் மேசைக் கணினியில், முதல் கோப்புறையில் இருக்கின்றன. திங்கட்கிழமை பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் பாருங்கள். கெட்டதை முதலில் பாருங்கள், முழுதாக, தாலி கட்டி முடியும்வரை.